அறை வெப்பநிலை மீக்கடத்தி: எந்த வழியில் தேடப் போவது?

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் முடிகிற சமயத்தில், வருஷத்துக்கு ஒருவராவது வந்து கேட்கிறார்: "சார், ரூம் டெம்பரேச்சர் சூப்பர்கண்டக்டர்ல பிஎச்டி பண்ணலாம்னு இருக்கேன். எந்த மாதிரி லேபுக்குப் போகட்டும்?" 2023 ஜூலையில், எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று ஒரு கொரியக் குழு அறிவித்த செய்தி பரவிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது. வராந்தாவில் நின்றபடி பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. இளமையில் ஐந்தாறு வருஷத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்வி. அதனால் உட்கார்ந்து, இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

மீக்கடத்தி என்றால் மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரம் ஓடும் பொருள். 1911-இல் லெய்டன் நகரத்தில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் இதைக் கண்டார். வெப்பநிலை 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். மின்தடை போனால் மட்டும் போதாது, தன்னுள்ளே இருக்கும் காந்தப்புலத்தையும் அந்தப் பொருள் வெளியே தள்ள வேண்டும். 1933-இல் மெய்ஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது இது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் மீக்கடத்தி என்று ஒப்புக்கொள்வார்கள். ஏதோ ஒன்றை மட்டும் காட்டி அறிவித்தவர்கள் பெரும்பாலும் பின்வாங்க வேண்டி வந்திருக்கிறது.

"அறை வெப்பநிலை" என்பதை 300 கெல்வின், அதாவது 27 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சென்னையில் மே மாத மத்தியானம் என்றால் 313 கூட ஆகும். இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது குளிர வைக்கும்போது அது மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை, 300 கெல்வின் என்றால், அதை 300 கெல்வினில் வைத்துப் பயன்படுத்த முடியாது. அந்த விளிம்பில் அது தாங்கும் மின்னோட்டம் பூஜ்யம். கொஞ்சம் கீழே இறக்கினால்தான் மின்னோட்டமும் காந்தப்புலமும் தாங்கும். 93 கெல்வினில் மீக்கடத்தியாகும் யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு நாடாவைக்கூட, வலுவான காந்தம் செய்ய வேண்டும் என்றால் 20 கெல்வின் அளவுக்குக் குளிர வைக்கிறார்கள். ஆகவே விசிறி ஓடும் அறையில் நிஜமாகவே வேலை செய்ய வேண்டும் என்றால், மாறுநிலை வெப்பநிலை 300-ஐ நன்றாகத் தாண்டி இருக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் இலக்கு செய்தித்தாள் சொல்வதைவிடத் தள்ளித்தான் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வழிகளை எடைபோட நான் மூன்று கேள்வி கேட்பேன். எவ்வளவு அழுத்தம் வேண்டும்? கம்பியாகவோ நாடாவாகவோ ஆகுமா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: தேடியது கிடைக்கவில்லை என்றால் கையில் என்ன மிஞ்சும்? இந்தத் துறையில் நூறு முயற்சியில் தொண்ணூற்றொன்பது "இல்லை" என்றுதான் முடியும். அந்த "இல்லை"க்கு மதிப்பு இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் ஒரு இளைஞர் சேர வேண்டும் என்பது என் கருத்து.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் முன்னால் நிற்பது ஹைட்ரைடு வழி, அதாவது ஹைட்ரஜன் வேறொரு தனிமத்தோடு சேர்ந்த சேர்மங்களின் வழி. யோசனை பழையது. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் தந்த கோட்பாட்டின்படி, அந்த ஜோடியைச் சேர்த்து வைப்பது அணுக்கூட்டின் அதிர்வு. அணு எவ்வளவு லேசோ அவ்வளவு வேகமாக அதிரும். எல்லாவற்றிலும் லேசானது ஹைட்ரஜன். அதை அழுத்தி உலோகமாக்கினால் மிக உயர்ந்த வெப்பநிலையிலும் மீக்கடத்தியாகலாம் என்று 1968-இல் நீல் ஆஷ்கிராஃப்ட் சொன்னார். தனி ஹைட்ரஜனை அழுத்துவது பெரும்பாடு என்பதால், வேறொரு தனிமத்தோடு சேர்ந்த ஹைட்ரஜனைப் பாருங்கள் என்று 2004-இல் அவரே வழி காட்டினார். 2015-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் மிகைல் எரெமெட்ஸ் குழு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை 155 ஜிகாபாஸ்கல் வரை (ஒரு ஜிகாபாஸ்கல் என்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு) அழுத்தி 203 கெல்வினில் மீக்கடத்தலைக் காட்டியது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் போட்டால் வெப்பநிலை இறங்கியது. கனமான அணு மெதுவாக அதிரும் என்ற கணக்கோடு இது ஒத்துப்போயிற்று. 2019-இல் லாந்தனம் ஹைட்ரைடு, 170 ஜிகாபாஸ்கலில் 250 கெல்வின். அது மைனஸ் 23 டிகிரி செல்சியஸ்தான், நல்ல ஃப்ரீசரின் குளிர். 2025-இல் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகக் குழு லாந்தனத்தோடு ஸ்காண்டியமும் சேர்த்து 298 கெல்வினைத் தொட்டதாக அறிவித்திருக்கிறது. அதற்கு வேண்டிய அழுத்தம் 200 ஜிகாபாஸ்கலுக்கும் மேலே. பிற ஆய்வகங்கள் செய்து பார்த்துச் சொல்லும் வரை நான் அதை அறிவிப்பு என்ற அளவில்தான் எடுத்துக்கொள்வேன்.

கேட்க அருமையாக இருக்கிறது, சரி. இப்போது அந்த லேபுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு வைரக் கற்கள், நகைக்கடையில் பார்க்கும் பட்டை தீட்டிய வடிவம்தான். கூர்முனையை மட்டும் சமதளமாகத் தேய்த்திருப்பார்கள். அந்தத் தளத்தின் அகலம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். இரண்டு தளங்களையும் நேருக்கு நேர் நிறுத்தி, நடுவில் ரீனியம் போன்ற கடினமான உலோகத் தகடு வைத்து, அதில் தளத்தைவிடச் சிறிய துளை போட வேண்டும். துளைக்குள் ஒரு துணுக்கு லாந்தனமும், ஹைட்ரஜனைத் தருவதற்கு அமோனியா போரேனும். இவற்றோடு, ஒன்றையொன்று தொடாமல் நான்கு மின்முனைகள். எல்லாம் மைக்ராஸ்கோப்புக்கு அடியில், மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் வேலை. பிறகு திருகைத் திருகித் திருகி, வளிமண்டல அழுத்தத்தைப் போல 17 லட்சம் மடங்கு ஏற்றி, வைரத்தின் வழியாகவே லேசரைப் பாய்ச்சிச் சுட வேண்டும். பல நாள் உழைப்பு முடிகிற நேரத்தில் வைரம் நொறுங்கிப்போவது இந்த லேபுகளில் சாதாரணமாக நடப்பது.

நொறுங்கினால் மாதிரியும் போயிற்று. அழுத்தத்தை இறக்கினாலும் லாந்தனம் ஹைட்ரைடு அந்த வடிவத்தில் நிலைக்காது. அதாவது உலகத்தின் மிக உயர்ந்த வெப்பநிலை மீக்கடத்தியை யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. மாதிரி சில பத்து மைக்ரோமீட்டர்தான் என்பதால் காந்தப்புலத்தைத் தள்ளுகிறதா என்று அளப்பதும் கஷ்டம். பின்புலத்தில் இருக்கும் வைரம், தகடு, கருவி எல்லாம் தரும் காந்த சிக்னல் மாதிரியின் சிக்னலைவிடப் பெரியது. அந்தப் பின்புலத்தை எப்படிக் கழிக்கிறீர்கள் என்பதில்தான் மானமே இருக்கிறது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரங்க டயஸ் குழு 2020 அக்டோபரில் கார்பன் கலந்த சல்ஃபர் ஹைட்ரைடில் 15 டிகிரி செல்சியஸ் என்று அறிவித்தது. நேச்சர் இதழ் 2022-இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றதற்கு, பின்புலத்தைக் கழித்த முறை சரியில்லை என்பதே காரணம். 2023 மார்ச்சில் லுட்டீசியம் ஹைட்ரைடு, வெறும் 1 ஜிகாபாஸ்கலில் 21 டிகிரி என்று இன்னொரு அறிவிப்பு வந்தது. அதே வருஷம் நவம்பரில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழு ஆய்வு முறைகேடு நடந்ததாகவே முடிவு சொன்னது. டயஸ் இலங்கையில் பிறந்து படித்தவர், நம் பக்கத்து மாணவர்கள் பலர் பெருமையோடு பார்த்தவர் என்பதால் எனக்கு அந்த நாட்கள் உண்மையிலேயே வேதனையாக இருந்தன. அந்தக் குழுவில் நேர்மையாக உழைத்த மாணவர்களின் வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்?

ஹைட்ரைடு துறையே பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடும் லாந்தனம் ஹைட்ரைடும் வேறு ஆய்வகங்களிலும் செய்து பார்க்கப்பட்டவை. ஆனால் இதில் இறங்குபவர் சின்க்ரோட்ரான் என்ற பெரிய முடுக்கியின் வலுவான எக்ஸ்கதிரில் அளக்க நேரம் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும், வைரத்துக்குச் செலவழிக்கப் பணம் இருக்க வேண்டும், கை நடுங்கக்கூடாது. கம்பி என்ற பேச்சுக்கே இடமில்லை. தோல்வியும் பேசாது. வைரம் உடைந்தது என்பதிலிருந்து அந்தச் சேர்மம் மீக்கடத்தியா இல்லையா என்று ஒன்றும் தெரியவராது.

அடுத்தது ஆக்சைடு வழி. என் மனம் எப்போதும் இந்தப் பக்கம்தான் சாயும், அதை மறைக்கவில்லை. 1986-இல் சூரிச்சில் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னார்ஸும் முல்லரும் மட்பாண்டம் போன்ற ஒரு காப்பர் ஆக்சைடில் 30 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த வருஷமே நோபல் பரிசு. 1987 தொடக்கத்தில் அலபாமாவிலும் ஹூஸ்டனிலும் வூ, சூ குழுக்கள் யிட்ரியம் சேர்த்து 93 கெல்வினுக்குக் கொண்டுபோனார்கள். இதில்தான் எல்லாம் மாறியது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் போதும் என்றாகிவிட்டது. ஹீலியம் விலை எங்கே, நைட்ரஜன் விலை எங்கே! காற்றிலிருந்து எடுப்பது, லிட்டர் ஏறக்குறைய பால் விலைதான். 1993-இல் பாதரசம் கலந்த காப்பர் ஆக்சைடு 133 கெல்வினைத் தொட்டது. வளிமண்டல அழுத்தத்திலேயே, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளில் கிடைத்தது அது. அந்த எல்லை பிறகு முப்பது வருஷம் பெரிதாக அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்பதற்குக் காரணம், இந்த ஆக்சைடுகளில் எலக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பது எது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. 1987-இல் அமெரிக்க இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் முன்வைத்த கருத்தை அவரோடு சேர்ந்து கோட்பாடாக வளர்த்தவர்களில் ஒருவர் நம் ஜி. பாஸ்கரன். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டு இருந்தவர். அதிர்வு வேண்டாம், எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகளே ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு ஜோடியைத் தருகின்றன என்பது அதன் சாரம். அது முழுமையான விடையா என்ற விவாதம் ஓயவில்லை. இந்தத் துறையில் சேருகிறவர், விடை தெரியாத ஒரு பெரிய கேள்வியோடு தினமும் பழக வேண்டியிருக்கும். எனக்கு அதுதான் இதன் கவர்ச்சி.

கையால் செய்யும் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். யிட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் உலோக அணுக்கள் 1:2:3 விகிதத்தில் வருமாறு எடை போட்டு, அகேட் கல்வத்தில் அரைக்க வேண்டும். சித்த வைத்தியர் மருந்து அரைப்பது போல, தோள்பட்டை வலிக்கிற வரை. உலையில் 900 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுட்டு, எடுத்து, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி சுட வேண்டும். கடைசியில் ஆக்சிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆற விட வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது முதல் வில்லை வெளியே வந்ததும் அதன் விளிம்பில் பச்சை படிந்திருந்தது. சரியாக வந்தால் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். பச்சை என்றால் விகிதம் பிசகி வேறொரு சேர்மம் வந்துவிட்டது, அது மீக்கடத்தி இல்லை. இரண்டாவது வில்லை கறுப்பாக வந்தது, ஆனாலும் காந்தம் மிதக்கவில்லை. அவசரத்தில் வேகமாக ஆற வைத்ததில் ஆக்சிஜன் போதுமான அளவு உள்ளே போகவில்லை. அதே வில்லையை மறுபடி ஆக்சிஜனில் வைத்து, 500 டிகிரியிலிருந்து பொறுமையாக இறக்கினேன். அடுத்த நாள் திரவ நைட்ரஜனில் போட்டு, குண்டூசித் தலை அளவு காந்தத்தை மேலே வைத்தபோது அது வில்லையைத் தொடாமல் நின்றது. ஒரு துளி ஆக்சிஜன், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு தோல்வியும் எனக்கு ஒவ்வொன்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயின. "இல்லை"க்கு மதிப்பு என்று நான் சொன்னது இதைத்தான்.

காப்பர் மட்டும் இல்லை. 2008-இல் ஜப்பானில் ஹோசோனோ குழு இரும்புச் சேர்மத்தில் 26 கெல்வின் கண்டது. காந்தத்தன்மை கொண்ட இரும்பு மீக்கடத்தலைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. சில மாதத்தில் 55 கெல்வினைத் தொட்டார்கள். நிக்கல் ஆக்சைடு 2019-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. 2023-இல் சீனாவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகக் குழு லாந்தனம் நிக்கல் ஆக்சைடில், 14 ஜிகாபாஸ்கலுக்கு மேல், 80 கெல்வின் அளவில் மீக்கடத்தலைக் காட்டியது. பிறகு அதையே மெல்லிய படலமாக வேறொரு படிகத்தின் மேல் வளர்த்து, அடிப்படிகமே இழுத்து நெருக்கும்படி செய்ததில், வெளி அழுத்தம் எதுவும் இல்லாமல் 40 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தல் தொடங்கியது. ஹைட்ரைடுக்காரர்கள் வைரத்தால் செய்வதை, இவர்கள் அடியில் போடும் படிகத்தால் செய்கிறார்கள். இந்த யுக்திக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். மட்பாண்டம் வளையாது. ஒரு துகளும் பக்கத்துத் துகளும் சில டிகிரி திரும்பி நின்றாலே மின்னோட்டம் சரிந்துவிடும். அதனால்தான் 1987-இல் கண்ட பொருளை நாடாவாக்கப் பல வருஷம் பிடித்தது. அப்புறம், இந்த வழியில் 300 கெல்வின் கிடைக்கும் என்பதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

கணினி வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். எந்தச் சேர்மம், எந்த அமைப்பு, எந்த அழுத்தம் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது. ஹைட்ரஜன் சல்பைடில் உயர்ந்த வெப்பநிலை வரும் என்று 2014-இல் ஜிலின் குழு கணித்ததற்கும், லாந்தனம் ஹைட்ரைடை 2017-இல் கணித்ததற்கும் பிறகுதான் சோதனைகள் வந்தன. கால்சியம் ஹைட்ரைடை 2012-இல் கணித்து, 2022-இல் செய்து காட்டினார்கள். செலவு குறைவு, இந்தியாவில் எந்த நல்ல கல்வி நிறுவனத்திலிருந்தும் செய்யலாம், ஆயிரம் சேர்மத்துக்கு "இல்லை" என்று ஒரு மாதத்தில் சொல்லிவிடலாம். ஆனால் கணக்குக்கும் உலைக்கும் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. மக்னீசியம், இரிடியம், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்த ஒரு சேர்மம் வளிமண்டல அழுத்தத்திலேயே 160 கெல்வின் தரும் என்று ஒரு கணிப்பு வந்தது. ஒரு இரிடியத்துக்கு ஆறு ஹைட்ரஜன் வேண்டும். செய்து பார்த்தபோது வந்தது ஐந்து ஹைட்ரஜன் உள்ள சேர்மம். அந்த ஆறாவது ஹைட்ரஜனை எப்படி உள்ளே அனுப்புவது என்று கணினி சொல்லாது, வேதியியல் தெரிந்த கைதான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கணக்கு அதிர்வு வழி மீக்கடத்திகளுக்கு நன்றாக வரும். காப்பர், நிக்கல் ஆக்சைடுகளில் தடுமாறும்.

அறிவிப்பு வந்தவுடன் ஓடிச் செய்து பார்ப்பதும் ஒரு வழிதான், சிலர் அதைக் கேவலமாகப் பேசுவது தவறு. எல்கே-99 வந்தபோது நடந்ததைப் பாருங்கள். காப்பர் கலந்த ஈய அபடைட் என்ற சேர்மம் அது, 127 டிகிரி செல்சியஸ் வரை மீக்கடத்தி என்று கொரியக் குழு சொன்னது. சாதாரண உலையில் செய்யலாம் என்பதால் உலகம் முழுக்கச் செய்தார்கள். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகக் குழு முதல் வாரங்களிலேயே செய்து பார்த்து, மீக்கடத்தல் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. மின்தடை திடீரென விழுவதாகத் தெரிந்தது, கலந்திருந்த காப்பர் சல்பைடு 104 டிகிரி பக்கம் தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதால் வந்தது. மாதிரி காந்தத்தின் மேல் பாதி மிதந்தது சாதாரண காந்தத்தன்மையால். ஸ்டுட்கார்ட்டில் கலப்படமில்லாத படிகம் வளர்த்துப் பார்த்தால், அது மின்சாரமே கடத்தாத ஊதா நிறப் படிகம். ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிட்டது. அந்த "இல்லை" மிகவும் மதிப்புள்ளது, சொன்னவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பிஎச்டியை அதன்மேல் கட்ட முடியாது. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்து ஆய்வு செய்ய முடியுமா?

கடைசி வழி, அறை வெப்பநிலையை விட்டுவிட்டு, இருப்பதை வைத்து வேலை செய்வது. மாணவர்கள் முகம் சுருங்குவது இங்கேதான். சுருங்க வேண்டியதில்லை. இன்று எம்ஆர்ஐ இயந்திரங்களில் ஓடுவது பெரும்பாலும் 9 கெல்வின் பக்கம் மீக்கடத்தியாகும் நியோபியம் டைட்டானியம், காரணம் அது கம்பியாக இழுபடும். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்தில் 2014-இல் ஒரு கிலோமீட்டர் மீக்கடத்திக் கேபிளை ஊருக்குள்ளேயே புதைத்து மின்சாரம் அனுப்பினார்கள். அணுக்கரு இணைவு உலைக்காக 2021-இல் எம்ஐடியும் காமன்வெல்த் ஃப்யூஷனும் சேர்ந்து 20 டெஸ்லா வலிமை கொண்ட காந்தம் செய்து காட்டியது முன்னே சொன்ன ஆக்சைடு நாடாவில்தான். அந்த நாடாவில் மீக்கடத்திப் படலம் சில மைக்ரோமீட்டர் தடிமன்கூட இருக்காது, மீதியெல்லாம் அதைத் தாங்கும் உலோகம். இந்த நாடாவை மலிவாக, நீளமாக, குறையில்லாமல் செய்யத் தெரிந்தவர்களுக்கு வேலை காத்திருக்கிறது. வீட்டுச் சூழ்நிலை காரணமாக நிச்சயமான வேலை வேண்டும் என்று ஒரு மாணவர் சொன்னால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை ஆக்சைடு வழி, கணினி வேலையைக் கூடவே கற்றுக்கொண்டு. வில்லை சுடவும் படலம் வளர்க்கவும் நான்கு முனை வைத்து அளக்கவும் தெரிந்தவர், நாளைக்கு ஹைட்ரைடு பக்கமோ நாடா பக்கமோ போகலாம். அங்கே தொடங்கிவிட்டு இந்தப் பக்கம் வருவது கடினம். வைர லேபுக்குப் போகவே மனம் இழுக்கிறது என்றால் போங்கள், ஆனால் பிஎச்டி முடித்துவிட்டு, கையும் கண்ணும் பழகிய பிறகு, நல்ல குழுவாகப் பார்த்துப் போங்கள்.

எந்த லேப் என்றாலும், சேருவதற்கு முன்னால் ஒருநாள் நேரில் போங்கள். திரவ ஹீலியம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, உலை எத்தனை, ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தால் யார் வாங்குவது என்று அங்கே இருக்கும் சீனியர்களிடம் கேளுங்கள். காந்த அளவீட்டில் பின்புலம் கழிக்காத மூலத் தரவைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் திறந்து காட்ட வேண்டும். அப்புறம் டெசிக்கேட்டரை, அதாவது மாதிரிகளை ஈரம் படாமல் வைக்கும் மூடிய பாத்திரத்தைத் திறந்து பாருங்கள். சரியாக வராத வில்லைகளையும் தூக்கிப் போடாமல், தேதியும் விகிதமும் ஆற வைத்த வேகமும் எழுதிச் சீட்டு ஒட்டி வரிசையாக வைத்திருந்தால், அன்றைக்கே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.